விளக்கெண்ணெய் குடித்த விமானம்

ஹார்டர்வைக் துறைமுகத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன சொத்து, படகுப் பாய் தைக்கும் கொட்டகை ஒன்றும் என் தம்பி எவர்ட்டும்தான். மீன்பிடிப் படகுகளுக்குப் பாய் தைத்துக் கொடுத்தே எங்கள் பிழைப்பு ஓடியது. எவர்ட்டுக்குத் தையல் வராது. மரவேலை வரும், எஞ்சினைப் பிரித்து மாட்ட வரும். பேச்சு மட்டும் அளந்துதான் வரும். அப்படிப்பட்டவன் ஒருநாள் காலை காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, பட்டாளத்துக்கு ஒரு விமானம் செஞ்சு தரேன்னு ஒத்துக்கிட்டேன். ரெக்கை நீதான் தைக்கணும்" என்றான்.

"யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டே?"

"உன்னைத்தான் இப்ப கேக்கறேனே."

அதற்கு முன் அவன் சொந்தமாக இரண்டு விமானங்கள் செய்திருந்தான். ஒன்று பறந்தது. இன்னொன்று கடலுக்குள் போய் விழுந்து, ஹெர்ரிங் மீன்களோடு வலையில் ஏறி வந்தது. பறந்ததைப் பார்த்த யாரோ ஓர் அதிகாரி இவனைப் பிடித்துக்கொண்டார். பட்டாளத்துக்கு வேண்டியது சண்டை போடும் விமானம் இல்லை. மேலே போய், எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதும். அதற்கு ஓட்டுகிறவன் ஒருத்தன், பார்க்கிறவன் ஒருத்தன் என்று இரண்டு பேரைத் தூக்க வேண்டும். ஆகவே மேலே ஒன்று, கீழே ஒன்றாக ஈரடுக்கு இறக்கை.

அன்றிலிருந்து எவர்ட்டுக்கு எடைப் பைத்தியம் பிடித்தது. மீன் நிறுக்கும் தராசைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து ஆணி, கம்பி, பசை எல்லாவற்றையும் நிறுத்தான். ஒருநாள் என் நூல்கண்டையும் தூக்கித் தட்டில் வைத்தான்.

"இன்னும் மெல்லிசு நூல்ல தைக்க முடியாதா அக்கா?"

"தையல் விட்டுப்போச்சுன்னா மேலேயிருந்து விழப்போறது நீ இல்லடா, அந்த ஆபீசருங்க."

"விழுந்தா எடை குறையும்" என்று அவன் முணுமுணுத்தான். வேடிக்கைக்குச் சொன்னானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தான் பாவி.

விமானம் தயாரானதும் நாங்கள் அதைப் பொட்டல்வெளிக்குக் கொண்டுபோனோம். பட்டாளத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஓட்டுகிறவர் லெப்டினன்ட் ரூலோஃப். குள்ளமான ஆள். எப்போதும் கறுப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக எதையாவது மென்றுகொண்டே இருப்பார். பார்க்கிறவர் கேப்டன் வான் எல்டன், குதிரைப்படைக்காரர். கொக்கு மாதிரிக் கால், மெழுகு தடவிய மீசை. அவரை முன் இருக்கையில் மடக்கித் திணிப்பதற்குள் எங்களுக்கு வேர்த்துவிட்டது.

முதல் சுற்று பறந்து இறங்கியதும் எவர்ட் ஓடிப்போய், "என்ன பாத்தீங்க கேப்டன்?" என்று கேட்டான்.

"துணி" என்றார் அவர்.

"என்னது?"

"துணியைப் பாத்தேன். ரொம்ப நேர்த்தியா தைச்ச துணி. வலப்பக்கம் எட்டிப் பாத்தேன், துணி. இடப்பக்கம் எட்டிப் பாத்தேன், அங்கயும் துணி."

கீழ் இறக்கை அவர் இருக்கைக்கு நேர் கீழே இருந்தது. இருக்கையை நகர்த்தினால் விமானம் தலைகுப்புறக் கவிழும் என்றான் எவர்ட். அப்படியானால் இறக்கையில் ஒரு ஓட்டை போடலாமே என்றார் கேப்டன். நான் கத்தரிக்கோலைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"என் துணியில ஓட்டையா? ராத்திரி பகலா உக்காந்து தைச்சிருக்கேன், ஓட்டை வேணுமாம்ல!"

"அம்மணி, உங்க தையலை எத்தனை தடவை வேணாலும் பாராட்டறேன். ஆனா எதிரி அதுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கறானே, நான் என்ன பண்ணட்டும்?"

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. மோட்டார் வண்டியின் மடிப்புக் கூரையில் கண்ணாடி போலத் தெரியும் செல்லுலாய்டு தகடு வைத்துத் தைப்பார்களே, அதில் இரண்டு வாங்கிவந்து, இரண்டு பக்கமும் துணியை வெட்டி ஜன்னல் மாதிரி வைத்துத் தைத்தேன். வெட்டும்போது கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாவு வீட்டில் நிற்பது போல இருந்தது.

அடுத்த தொல்லை சத்தம். எஞ்சின் போடும் கூச்சலில், முன்னால் இருக்கிற கேப்டன் கத்துவது பின்னால் இருக்கிற ரூலோஃபுக்குக் கேட்காது. அதனால் ரூலோஃபின் இரண்டு கைகளிலும் கயிறு கட்டி, நுனிகளைக் கேப்டனிடம் கொடுத்தோம். இடக்கயிற்றை இழுத்தால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலக்கயிற்றை இழுத்தால் வலப்பக்கம். இரண்டையும் சேர்த்து இழுத்தால் உடனே இறங்க வேண்டும். கேப்டனுக்குப் பரம திருப்தி. "இப்பத்தான் இது குதிரை மாதிரி இருக்கு" என்றார். ரூலோஃப் மென்றுகொண்டே தலையாட்டினார்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அந்த எஞ்சின் விசிறியோடு சேர்ந்து தானும் சுற்றுகிற ரகம். அதற்கு விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பாதியைக் குடிக்கும், மீதியைப் பின்னால் துப்பும். பின்னால் இருப்பது கேப்டனின் முகம். ஒவ்வொரு முறை இறங்கியதும் அவர் மீசையிலிருந்து எண்ணெய் சொட்டும். உடனே புதர்ப்பக்கம் விரைந்து போவார். ஏதோ அவசர வேலை என்று நான் நினைத்துக்கொள்வேன். வெகுநேரம் கழித்து வெளுத்த முகத்தோடு வருவார்.

"உயரம் உடம்புக்கு ஒத்துக்கல போல" என்று மட்டும் ஒருமுறை என்னிடம் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அம்மணி."

அந்தச் செப்டம்பரில் தெற்கே, பெல்ஜிய எல்லையை ஒட்டிய பிரபாண்ட் பக்கம் பட்டாளத்தின் போர் ஒத்திகை நடந்தது. நீலப் படை, சிவப்புப் படை என்று இரண்டாகப் பிரிந்து பொய்ச்சண்டை போடுவார்கள். வெள்ளைப் பட்டி கட்டிய நடுவர்கள் யார் செத்தார்கள், யார் பிடிபட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்வார்கள். விமானம் நீலப் படைக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. சிவப்புப் படையின் தலைவர் ஜெனரல் வெசலிங். வயதானவர், உருண்டை உடம்பு, உரத்த குரல். முதல்நாள் எங்கள் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கைத்தடியால் சக்கரத்தைத் தட்டி, "மேல போய்ப் பாக்கறதுக்கு என்னய்யா இருக்கு? தேசமே தட்டை. நாற்காலி மேல ஏறி நின்னாலே பெல்ஜியம் தெரியுமே!" என்றவர் அவர்தான். கூட இருந்த அதிகாரிகள் எல்லோரும் சிரித்தார்கள். எவர்ட்டுக்குக் காது சிவந்தது.

வெசலிங் தன் பீரங்கிகளையெல்லாம் ஒரு பைன் காட்டுக்குள் கொண்டுபோய், கிளைகளை வெட்டிப் போட்டு மூடி வைத்திருந்தார். நீலப் படையின் குதிரைவீரர்கள் தேடித்தேடிக் களைத்துப் போனார்கள். மறுநாள் காலை எங்கள் விமானம் கிளம்பியது. ஊசி, நூல், பசை, மரச்சட்டங்களோடு நானும் எவர்ட்டும் லாரியில் பின்தொடர்ந்தோம். விமானம் பைன் காட்டுக்கு மேல் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. அப்புறம் கல்லெறிபட்ட காக்கை மாதிரி திடீரென்று கீழே இறங்கி மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

"போச்சு" என்றான் எவர்ட். அவனுக்கு அது பெரிய பேச்சு.

லாரியை விரட்டினோம். வழியில் சிவப்புப் படைக் காவல்காரன் துப்பாக்கியை நீட்டினான்.

"நில்லுங்க! நீங்க எந்தப் படை?"

"நான் தையல்காரி."

அவன் திருதிருவென்று விழித்தான். தையல்காரியை என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வழிவிட்டான்.

காட்டை ஒட்டிய டர்னிப் தோட்டத்தில் விமானம் நின்றது. ஒரு பக்க இறக்கையில் வேலிக்கம்பி கிழித்த கிழிசல். சக்கரத்தில் சாய்ந்துகொண்டு ரூலோஃப் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் சிவப்புப் படை வீரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். ஆனால் எல்லோரும் எங்கள் பக்கம் பார்த்து, ஒரு வேலிப்புதருக்கு மரியாதையாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"கேப்டன் எங்க?" என்றேன்.

ரூலோஃப் ரொட்டியால் புதரைச் சுட்டினார். "ரெண்டு கயிறையும் சேத்து இழுத்தார். இறங்கிட்டேன்."

"எதிரி நடுவுலயா?"

"அவசரம்னா அவசரம்தானே?"

அங்கிருந்த சார்ஜென்ட் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அவர் முடிச்சுட்டு வரட்டும்மா. அதுக்கப்புறம்தான் சிறை பிடிக்கணும்னு வெச்சிருக்கோம்" என்றார்.

கேப்டன் வந்தார். வாளைக் கழற்றிச் சார்ஜென்டிடம் கொடுத்துவிட்டு, நேராக ரூலோஃபைப் பார்த்தார். ரூலோஃப் மூக்குவரை சுற்றியிருந்த கம்பளித் துண்டை அப்போதுதான் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் தின்றுகொண்டிருந்தார். துண்டு முழுக்க எண்ணெய். அதையே கேப்டன் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"யோவ், அது என்ன எண்ணெய்?"

"விளக்கெண்ணெய், கேப்டன். வாய்க்குள்ள போகாம இருக்கத்தான் துண்டு."

"இத்தனை நாளா ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே. இறங்கினதும் ஓடுவீங்க. பயத்துலதான் இப்படி ஆகுதுன்னு நெனச்சேன். பெரியவங்ககிட்ட அதைப் போய் எப்படிக் கேக்கறது?"

நான் திரும்பி நின்று லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முதுகு குலுங்கியது தெரிந்திருக்கும். கேப்டன் அப்புறம் ஒருவாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அதற்குள் நடுவர் கர்னல் ஒருவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். குதிரை பிடிபட்டால் என்ன, சைக்கிள் பிடிபட்டால் என்ன என்றெல்லாம் இருந்தது. விமானம் என்ற சொல்லே இல்லை. தலையைச் சொறிந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"கிடைச்சாச்சு! தபால் புறா. பறக்கறது, சேதி கொண்டுபோறது. ரெண்டும் ஒண்ணுதானே? பிடிபட்ட புறாவைப் பிடிச்சவங்களே பயன்படுத்திக்கலாம்னு விதி இருக்கு."

"அப்ப நான்?" என்றார் ரூலோஃப்.

"நீங்களும் புறாவுல சேர்த்திதான்."

இந்த நேரத்தில்தான் ஜெனரல் வெசலிங் குதிரையில் வந்து இறங்கினார். கேப்டனை மேலும் கீழும் பார்த்தார்.

"மேலேயிருந்து என்னத்தைப் பாத்தே?"

"உங்க பீரங்கிகளைப் பாத்தேன் ஜெனரல்."

"பொய்! ஒரு இலைகூட விலகாம மூடி வெச்சிருக்கேன்."

"மூடித்தான் இருக்கு. ஆனா அங்கேர்ந்து பாத்தா மணல்ல சக்கரத் தடம் எல்லாம் வெள்ளை வெளேர்னு தெரியுது. எல்லாத் தடமும் காட்டுக்குள்ள போகுது, ஒண்ணுகூட வெளிய வரல. சந்தேகமா இருந்தா ஏறிப் போய்ப் பாருங்களேன்."

சுற்றி நின்ற வீரர்கள் எல்லோரும் ஜெனரலைப் பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? "கொண்டாங்கடா அந்தப் புறாவை!" என்று கத்தினார்.

நான் கிழிசலைத் தைக்கத் தைக்க, எவர்ட் ஜெனரலைச் சுற்றி வந்து கண்ணாலேயே நிறுத்தான்.

"எடை ஜாஸ்தி" என்றான்.

ஜெனரல் வாளைக் கழற்றினார். "இன்னும்" என்றான் எவர்ட். பூட்ஸைக் கழற்றினார். "இன்னும்." பதக்கம் குத்திய கோட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டு, உள்சட்டையும் காலுறையுமாக நின்றார் ஜெனரல். குளிருக்குக் கேப்டனின் தோல்கோட்டை மாட்டிவிட்டோம். அது அவர் கணுக்கால்வரை வந்தது. கயிறுகளைக் கையில் கொடுத்து நான் விளக்கினேன்.

"கடிவாளம் மாதிரியா?" என்றார்.

"அதேதான் ஜெனரல். ஆனா இந்தக் குதிரை உங்களுக்குப் பின்னால உக்காந்திருக்கும்."

முகத்தில் கட்ட என் துண்டை நீட்டினேன். ஜெனரல் அதைத் தட்டிவிட்டார். "நாப்பது வருஷமா எதிரிக்கு மூஞ்சியைக் காட்டித்தான்மா பழக்கம்."

கேப்டன் வாய் திறக்கப் போனார். அப்புறம் டர்னிப் செடிகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

மேலே நடந்ததை ரூலோஃப்தான் பிற்பாடு சொன்னார். முதலில் ஜெனரல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். பைன் காட்டைப் பார்த்து, தன் பீரங்கிப்படை அதிகாரியின் ஏழு தலைமுறையையும் திட்டினார். அப்புறம் திட்டு நின்றுபோனது. வாய்க்கால், காற்றாலை, தேவாலயக் கோபுரம், வெள்ளிக்காசு மாதிரிக் குட்டைகள், எறும்பு மாதிரி மாடுகள் எல்லாம் என் ஜன்னல் வழியே ஒவ்வொன்றாகப் போக, அவர் குழந்தை மாதிரிக் கத்திச் சிரிக்க ஆரம்பித்தார். சந்தோஷத்தில் திறந்த வாயை மூடவே இல்லை. வலக்கயிற்றை இழுத்தார், இடக்கயிற்றை இழுத்தார், இன்னும் தூரம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நீலப் படை முழுவதையும் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை பார்த்தார். அப்புறம்தான் சிரிப்பு நின்றது. ஜெனரல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ரூலோஃபின் கை இரண்டும் தோளோடு கழன்று வந்துவிடும்போல இரண்டு கயிறும் ஒன்றாக இழுபட்டன.

கீழே இருந்தது நீலப் படையின் தலைமையகம். ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் மேசை போட்டு, நீலப் படையின் ஜெனரலும் அதிகாரிகளும் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். விமானம் புல்வெளியில் குதித்து நிற்பதற்குள், நீளக் கோட்டும் காலுறையும் எண்ணெய் வழியும் முகமுமாக ஓர் உருண்டை உருவம் உருண்டு இறங்கி, சூப் மேசையைத் தாண்டி ஓடி, பண்ணைக் கக்கூஸுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.

"யாரு அது?" என்றார் நீலப் படை ஜெனரல்.

"எதிரிப் படைத் தலைவர்" என்றார் ரூலோஃப், கைகளைத் தடவிக்கொண்டே.

உடனே கக்கூஸ் வாசலில் இரண்டு காவல்காரர்கள் நிறுத்தப்பட்டார்கள். நீலப் படை ஜெனரலே எழுந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"வெசலிங்! சரணடையறீங்களா?"

"முதல்ல பேப்பர் குடுய்யா! அப்புறம் சரணடையறேன்!"

அக்கம்பக்கம் தேடினார்கள். கையில் அகப்பட்டது வெசலிங்கின் படை எங்கே என்று பென்சிலால் கோடுபோட்டுத் தேடிக்கொண்டிருந்த வரைபடம் ஒன்றுதான். இனி அது எதற்கு? கதவிடுக்கில் உள்ளே தள்ளினார்கள்.

தலைவர் இல்லாததால் ஒத்திகை அன்று மத்தியானமே முடிந்தது. யாருக்கு வெற்றி என்பதில் நடுவர்களுக்குள் தகராறு. கடைசியில் நடந்த கூட்டத்தில் வெசலிங் எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எவர்ட் அன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை. வெசலிங் எழுந்தார். "நான் நாப்பது வருஷமா மேப்பைப் பாத்துச் சண்டை போட்டிருக்கேன்" என்றார். "முந்தாநாள்தான் தேசத்தைப் பாத்தேன். சிரிக்கறவங்க ஒருதடவை ஏறிட்டு வந்து சிரிங்க. இந்த வண்டியை வாங்குங்க. ஒண்ணுக்கு மேல வாங்குங்க. ஆனா அந்த எண்ணெயை மட்டும் மாத்தித் தொலைங்க!"

"மாத்தினா எஞ்சின் இறுகிடும்" என்றான் எவர்ட், கூட்டத்தின் பின்னாலிருந்து.

"அப்ப மூஞ்சியில கட்டற துண்டையும் சேத்து வாங்குங்க!"

இறக்கையும் துண்டுமாகத் தைத்துத் தைத்து அந்தக் குளிர்காலத்தில் என் விரல் காய்த்துப்போனது.

அடுத்த வருஷம் நிஜமான போர் வந்தது. எங்கள் நாடு அதில் சேரவில்லை. எல்லையைக் காவல் காத்துக்கொண்டு நின்றது. கேப்டனும் ரூலோஃபும் தெற்கே தினமும் எல்லைமேல் பறந்தார்கள். படையெடுப்பில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம் விழுந்த பிறகு விடுப்பில் வந்த கேப்டன் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அந்த நாளைச் சொன்னார்.

பெல்ஜியத்திலிருந்து வரும் சாலை முழுக்கக் கறுப்பாக நகர்ந்ததாம். படைதான் வருகிறது என்று எண்ணத் தொடங்கினார். எண்ண முடியவில்லை. படை என்றால் இடைவெளி விட்டு ஒரே சீராக வரும். இது ஒரு இடத்தில் வீங்கியது, ஒரு இடத்தில் மெலிந்தது. கையைக் காட்டித் தாழப் பறக்கச் சொன்னார். மெத்தைகள் தெரிந்தன. தள்ளுவண்டியில் கிழவர்கள். குழந்தை வண்டியில் ஒரு சுவர்க்கடிகாரம். எங்கள் பக்கம் எல்லையில் சிப்பாய்கள் அதே சாலைக்கு நேராகத் துப்பாக்கியைக் குறிவைத்துப் படுத்திருந்தார்கள். தூரத்திலிருந்து அவர்களுக்கும் அது படையாகத்தான் தெரிந்திருக்கும்.

"நெறைய எழுத நேரமில்ல அம்மணி. 'சுடாதீங்க. குடும்பங்க. பால் காய்ச்சுங்க'ன்னு மட்டும் எழுதி, பையில போட்டு நம்ம சிப்பாய்ங்க தலைமேல எறிஞ்சேன்."

"காய்ச்சினாங்களா?"

"சூப் அண்டாவுல காய்ச்சினாங்க."

எங்கள் ஊருக்கும் நிறைய பெல்ஜியக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அதில் எலோடி என்று ஒருத்தி, கைக்குழந்தையோடு என் கொட்டகைக்கு வேலை கேட்டு வந்தாள். லேஸ் பின்னுகிறவள். அவள் போடும் தையலைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது, அத்தனை நேர்த்தி. இறக்கைத் துணியை எடுத்து அவள் மடியில் போட்டதும் அவள் கை அப்படியே நின்றது.

"இது அந்த வண்டிக்கா?" என்றாள். "வர்ற வழியில ஒண்ணு எங்க தலைமேலயே வந்துச்சு. குண்டு போடப்போறான்னு நெனச்சு எல்லாரும் பள்ளத்துல குதிச்சோம். நான் குழந்தை மேல கவுந்து படுத்துக்கிட்டேன். மேலேயிருந்து ஒருத்தன் கையை ஆட்டிட்டுப் போனான். என்ன மனுஷன் அவன்?"

"நெட்டையா? பெரிய மீசையா?"

"மூஞ்சியில துண்டு கட்டியிருந்தான், திருடன் மாதிரி."

அடுத்த விடுப்பில் கேப்டன் வந்தபோது நான் எலோடியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"பயப்படாதீங்கன்னு சொல்லத்தாம்மா கையை ஆட்டினேன்" என்றார்.

"அதை எப்படிங்க நாங்க தெரிஞ்சுக்கறது?" என்று அவள் பிடித்துக்கொண்டாள். "பள்ளம் பூரா தண்ணி. எங்கிட்ட இருந்தது ஒரே பாவாடை. அதுவும் நாசமாப் போச்சு."

குதிரைப்படைக் கேப்டன் பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் திட்டித் தீர்த்தாள். பாவாடைக்கு, தண்ணிக்கு, வந்த வழிக்கு, விட்டுவந்த வீட்டுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து அவரைத்தான் திட்டினாள். திட்டு ஓய்ந்து அவள் அழத் தொடங்கியபோது, குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, துறைமுகப் படகுகளைக் காட்டுகிறேன் பேர்வழி என்று வெளியே நடந்தார்.